பேஸ்பால்: வியப்பின் விலையைத் தருவது யார்?

2024 செப்டம்பர் கடைசி வாரத்தில், சிகாகோ நகரின் தெற்குப் பகுதியிலுள்ள பேஸ்பால் அரங்கில் விந்தையானதொரு காட்சி அரங்கேறியது. உள்ளூர் அணியான ஒயிட் சாக்ஸ் அதுவரை 120 ஆட்டங்களில் தோற்றிருந்தது. இன்னும் ஓர் ஆட்டத்தில் தோற்றால், 1900-க்குப் பிந்தைய மேஜர் லீக் வரலாற்றில் ஒரே பருவத்தில் மிக அதிகமாகத் தோற்ற அணி என்ற பெயரை அது பெற்றுவிடும். 1962-இல் நியூயார்க் மெட்ஸ் அணி 120 தோல்விகளுடன் ஏற்படுத்திய பதிவு அறுபதாண்டுகளுக்கும் மேலாக முறியடிக்கப்படாமல் இருந்தது. அந்த 121-ஆவது தோல்வியை நேரில் கண்டுவிட வேண்டும் என்பதற்காகவே பலர் நுழைவுச்சீட்டு வாங்கி வந்திருந்தனர். 'அணியை விற்றுவிடு' என்று உரிமையாளரை நோக்கி முழக்கமிட்டனர். அணியோ அந்த வாரம் பார்த்து மூன்று ஆட்டங்களிலும் தொடர்ச்சியாக வென்றது. தோல்வியைக் காண வந்தவர்களுக்கு அதுவும் ஏமாற்றமாகவே முடிந்தது.

செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட் நகரில் 4-1 என்ற கணக்கில் தோற்று, ஒயிட் சாக்ஸ் தன் 'சாதனையை' நிறைவு செய்தது. அன்றைய வெற்றியால் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி பத்தாண்டுகளுக்குப் பின் முதன்முறையாக இறுதிச்சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. ஜூலை இறுதியில் அந்த அணியின் நிர்வாகமே நம்பிக்கையிழந்து, முன்னணிப் பந்தெறிவீரர் ஒருவரை வேறு அணிக்குக் கொடுத்திருந்தது. ஒரே மைதானத்தில், ஒரே இரவில், ஓர் அணி பாதாளத்தையும் மற்றோர் அணி எவரும் எதிர்பாராத உயரத்தையும் தொட்டன.

இத்தகைய திருப்பங்களே பேஸ்பாலின் உயிர்நாடி. கிரிக்கெட்டில் ஊறிய நமக்கு அதன் அளவைப் புரிந்துகொள்வது சற்றுக் கடினம். முப்பது அணிகள், ஒவ்வொன்றும் மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் ஆட்டம் உண்டு. சிறந்த அணியும் பத்தில் நான்கு ஆட்டங்களில் தோற்கும். மோசமான அணியும் பத்தில் நான்கில் வெல்லும் என்பது பொதுவான நிலை. ஆகவே ரசிகர் என்பவர் ஒரு பெருவிழாவுக்கு வந்துபோகும் விருந்தினர் அல்லர்; ஆறு மாதங்கள் அன்றாடம் கணக்குப் பார்க்கும் குடும்பத் தலைவரைப் போன்றவர். அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் விசித்திரங்கள் சேர்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஜூன் 26 அன்று பாஸ்டன் நகரில் டொரான்டோ புளூ ஜேஸ் அணிக்காக டேனி ஜேன்சன் என்பவர் மட்டையுடன் நின்றபோது மழை வந்தது. ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் அவர் பாஸ்டன் அணிக்கே மாற்றப்பட்டுவிட்டார். ஆகஸ்ட் 26 அன்று அதே ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது, ஜேன்சன் பாஸ்டன் அணியின் கேட்ச்சராக மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தொடங்கி வைத்த முறையை வேறொருவர் வந்து ஆடி முடித்தார். ஒரே ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் ஆடிய முதல் மேஜர் லீக் வீரர் அவர்தான். நம் ஊர்த் திண்ணைப் பேச்சில் இப்படியொரு செய்தியைச் சொன்னால் கட்டுக்கதை என்றே தள்ளிவிடுவார்கள்.

வியப்புக்குப் பொருளியல் அடிப்படை ஒன்று உண்டு. சைமன் ராட்டன்பர்க் என்ற பொருளியலறிஞர் 1956-இல் பேஸ்பால் வீரர்களின் உழைப்புச் சந்தை குறித்து எழுதிய கட்டுரைதான் விளையாட்டுப் பொருளியல் என்ற துறைக்கே தோற்றுவாய். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பார்வையாளர் வரமாட்டார். எனவே போட்டியாளர்கள் ஏறத்தாழச் சமவலிமை உடையவர்களாக இருந்தாக வேண்டும் என்றார் அவர். மற்றத் தொழில்களில் போட்டியாளர் அழிந்தால் முதலாளிக்கு ஆதாயம். விளையாட்டில் போட்டியாளர் அழிந்தால் விற்பதற்குச் சரக்கே இல்லை. நிச்சயமின்மைதான் அங்கே விற்பனைப் பண்டம்.

இந்தப் பண்டத்தை நிகழ்தகவு எப்படி உற்பத்தி செய்கிறது என்பதையும் பார்க்கலாம். எந்த எதிரணியையும் நூற்றுக்கு 55 முறை வெல்லக்கூடிய வலுவான ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். 162 ஆட்டங்களில் அதன் வலிமை தெளிவாக வெளிப்பட்டுவிடும். ஆனால் ஏழு ஆட்டத் தொடர் ஒன்றை வெல்வதற்கு அதற்குள்ள வாய்ப்பு சுமார் 61 விழுக்காடு மட்டுமே. ஐந்தாட்டத் தொடர் ஒன்றையும் ஏழாட்டத் தொடர்கள் இரண்டையும் அடுத்தடுத்து வென்று கோப்பையை எட்ட வேண்டுமென்றால், அந்த வாய்ப்பு 22 விழுக்காடாகச் சுருங்கிவிடும். அதாவது, மிகச் சிறந்த அணியும் ஐந்தாண்டுகளில் நான்கு முறை வெறுங்கையுடன் திரும்பும். சியாட்டில் மரினர்ஸ் 2001-இல் 116 ஆட்டங்களை வென்றும் உலகத் தொடரை எட்டவில்லை. மாறாக, 2023-இல் 84 ஆட்டங்களை மட்டுமே வென்ற அரிசோனா அணி உலகத் தொடர்வரை வந்தது. அங்கே அதை வென்ற டெக்சாஸ் அணி, இரண்டாண்டுகளுக்கு முன்பு 102 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அரிசோனா அதே 2021-இல் 110 ஆட்டங்களில் தோற்றிருந்தது.

2025 பருவம் இந்தக் கணக்குக்கு மேலும் சுவை கூட்டியது. பணம் எல்லாவற்றையும் வென்றுவிடுமா என்ற கேள்வி பருவம் முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்தது. நியூயார்க் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோ என்ற மட்டையாளருடன் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தது. அந்த அணி பருவத்தின் கடைசி நாளில், மிகக் குறைவாகச் செலவிடும் அணிகளுள் ஒன்றான மயாமியிடம் ஓர் ஓட்டம்கூட எடுக்காமல் தோற்று, இறுதிச்சுற்று வாய்ப்பை இழந்தது. சிறிய நகரமான மில்வாக்கியின் புரூவர்ஸ் அணியோ 97 வெற்றிகளுடன் அனைத்து அணிகளுக்கும் மேலே நின்றது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியை அந்தப் பருவத்தில் சந்தித்த ஆறு ஆட்டங்களிலும் வீழ்த்தியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ரசிகர்கள் மகிழ்ந்திருந்த வேளையில், அக்டோபரில் அதே டாட்ஜர்ஸ் புரூவர்ஸை நான்குக்கு நான்கு என்று துடைத்தெறிந்தது. அத்தொடரின் கடைசி ஆட்டத்தில் ஷோஹேய் ஒட்டானி என்ற ஒரே மனிதர் பந்தெறிந்து பத்துப் பேரை ஆட்டமிழக்கச் செய்தார். மட்டை பிடித்து மூன்று ஹோம் ரன்களும் அடித்தார்.

உலகத் தொடரின் இறுதி ஆட்டம் நவம்பர் 1 அன்று டொரான்டோவில் நடந்தது. முந்தைய ஆண்டு தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்த புளூ ஜேஸ் அணி, கோப்பைக்கு இன்னும் இரண்டே விக்கெட்டுகள் தொலைவில் முன்னிலை பெற்றிருந்தது. (பேஸ்பாலில் அதை 'அவுட்' என்பர், நமக்குப் புரிய விக்கெட் என்று வைத்துக்கொள்வோம்.) அப்போது பெரிய அடிப்பாளர் என்று எவரும் கருதியிராத, 36 வயதான மிகெல் ரோஹஸ் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஆட்டத்தைச் சமன் செய்தார். பதினோராவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 5-4 என்று வென்றது. நியூயார்க் யாங்கீஸ் 1998 முதல் 2000 வரை தொடர்ந்து வென்றதற்குப் பிறகு, அடுத்தடுத்த ஆண்டுகளில் கோப்பையைத் தக்கவைத்த முதல் அணி இதுதான்.

இங்கேதான் கொள்கை விவாதம் தொடங்குகிறது. டாட்ஜர்ஸ் செலவிடும் தொகை மற்ற உரிமையாளர்களை அச்சுறுத்துகிறது. ஒட்டானியின் பத்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 70 கோடி டாலர். அதில் 68 கோடியை ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரே கொடுப்பதாக ஏற்பாடு. ஊதிய வரம்பை மீறியதற்கான ஆடம்பர வரியாக மட்டும் 2024-இல் அந்த அணி 10 கோடி டாலருக்கு மேல் கட்டியது. பேஸ்பாலில் இப்படி மீறலுக்கு வரி உண்டே தவிர, அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து போன்றவற்றில் இருப்பதுபோல் ஊதிய உச்சவரம்பு கிடையாது. வீரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவுக்கு வருகிறது. உச்சவரம்பு வேண்டும் என்ற கோரிக்கை பேச்சுவார்த்தையில் எழும் என்பதும், வீரர் சங்கம் அதை ஒப்பாது என்பதும் அனைவரும் அறிந்தவை. ஆட்டங்கள் நின்றுபோகக்கூடும் என்ற அச்சம் ரசிகர்களிடையே இப்போதே பரவியிருக்கிறது.

அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1994-இல் இதே உச்சவரம்புப் பிணக்கினால் ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. உலகத் தொடரே நடக்கவில்லை. அன்று 74 வெற்றி, 40 தோல்வி என்ற கணக்கில் அனைவரையும் முந்தி நின்ற அணி கனடாவின் மான்ட்ரியல் எக்ஸ்போஸ். அந்நகரம் தன் வரலாற்றின் ஆகச் சிறந்த பருவத்தின் முடிவைப் பார்க்கவேயில்லை. பத்தாண்டுகளுக்குள் அணி கரைந்து, 2005-இல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது.

உச்சவரம்பு சமநிலையைத் தரும் என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. உச்சவரம்பு இல்லாத இந்த விளையாட்டில் 2001 முதல் 2025 வரையிலான 25 பருவங்களில் 16 வெவ்வேறு அணிகள் கோப்பை வென்றுள்ளன. மேலே சொன்ன நிகழ்தகவே அதற்குக் காரணம். பணத்தால் அந்தக் குலுக்கலில் கூடுதல் சீட்டுகளை வாங்க முடியுமே தவிர, முடிவை வாங்க இயலாது. டாட்ஜர்ஸின் இரட்டை வெற்றி எரிச்சலூட்டுவதாக இருக்கலாம். ஆனால் அதுவும் ரோஹஸின் ஒரே அடியில் தொங்கிக்கொண்டிருந்த வெற்றிதான். மேலே செலவிடுபவரைப் பற்றி நடக்கும் கூச்சலில், கீழே செலவிடவே மறுப்பவரைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போகிறது. நோய் அங்கேதான் இருக்கிறது.

எப்படி? ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடங்களைப் பெறும் அணிகள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். 2016-இல் இங்கிலாந்தின் முதன்மைப் பட்டத்தை வென்ற லெஸ்டர் சிட்டி, 2023-இலும் 2025-இலும் அப்படித் தள்ளப்பட்டது. தோல்விக்கு அங்கே தண்டனை உண்டு. அமெரிக்க லீக்குகள் மூடிய சங்கங்கள்; 121 ஆட்டங்களில் தோற்றாலும் அடுத்த மார்ச்சில் அதே இடம் காத்திருக்கும். (நம் ஐபிஎல் அந்த அமெரிக்க வார்ப்பில் உருவானதுதான். 2025-இல் சென்னை அணி முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனபோது சேப்பாக்கத்து ரசிகர் மனம் உடைந்தார். அணிக்கு எந்தப் பதவியிறக்கமும் இல்லை.) மேஜர் லீக்கில் ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருவாயில் 48 விழுக்காட்டைப் பொதுத்தொகுப்பில் செலுத்த, அத்தொகை அனைவருக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. தேசியத் தொலைக்காட்சி வருவாயும் பகிரப்படுகிறது. ஏழை அணிகளைக் கைதூக்கிவிடுவதே இதன் நோக்கம். ஆனால் பெற்ற பணத்தை வீரர்களுக்குச் செலவிடாமல் பையில் போட்டுக்கொள்ளும் உரிமையாளரை இந்த ஏற்பாடு போதிய அளவு தடுப்பதில்லை.

இதற்கெல்லாம் மேலாக ஒரு சட்டப் பாதுகாப்பும் உண்டு. 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டங்கள் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்து, முற்றுரிமைத் தடைச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. அன்றைய நிலையிலேயே வியப்பூட்டும் தீர்ப்பு அது. 1953-இலும் 1972-இலும் அதே நீதிமன்றம் அதை மாற்ற முன்வரவில்லை. மாற்ற வேண்டியது நாடாளுமன்றம் என்று கைகழுவியது. 1998-இல் வந்த சட்டம் மேஜர் லீக் வீரர்களின் பணி தொடர்பானவற்றில் மட்டும் விலக்கை நீக்கியது. எந்த நகரத்தில் எந்த அணி இருக்கலாம் என்பதை உரிமையாளர்கள் தங்களுக்குள் கூடி முடிவு செய்யும் அதிகாரத்துக்கு இந்த விலக்கு இன்றும் அரணாக இருக்கிறது.

அந்த அதிகாரத்தின் சுவையை அறிந்த நகரம் ஓக்லாந்து. கலிபோர்னியாவின் இந்தத் தொழிலாளர் நகரத்தில் 1968 முதல் இருந்த அத்லெடிக்ஸ் அணி நான்கு உலகத் தொடர்களை வென்றது. 2002-இல் மிகக் குறைந்த ஊதியச் செலவில் 103 வெற்றிகளையும், தொடர்ச்சியாக 20 வெற்றிகளையும் ஈட்டியது. 'மணிபால்' நூலும் திரைப்படமும் அந்தக் கதைதான். புள்ளியியல் கொண்டு பணத்தை வெல்ல முடியும் என்று உலகுக்குக் காட்டிய அணி அது. அத்தகைய அணியை 2005-இல் 18 கோடி டாலருக்கு வாங்கிய தரப்பு, காலப்போக்கில் நல்ல வீரர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்கு அனுப்பியது. பழைய அரங்கைப் பராமரிக்கவில்லை. நுழைவுச்சீட்டு விலையை உயர்த்தியது. மக்கள் வருவது குறைந்தது. மக்கள் வரவில்லை என்பதே பின்னர் ஊரை விட்டுப் போவதற்கான காரணமாகக் காட்டப்பட்டது. அணியின் மதிப்போ இதற்கிடையில் 100 கோடி டாலரைத் தாண்டியதாக மதிப்பிடப்பட்டது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், சீரழியும் நிறுவனத்தின் முன் வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: விலகிச் செல்வது, அல்லது குரல் எழுப்புவது. விசுவாசம் உள்ளவர் விலகுவதைத் தள்ளிப்போட்டுக் குரலை நாடுவார். இந்தக் கோட்பாட்டை வகுப்பில் நடத்திய ஆண்டுகளில் ரயில்வேயையும் ரேஷன் கடையையும் எடுத்துக்காட்டாகச் சொல்வது என் வழக்கம். ஓக்லாந்தைவிடத் தெளிவான சான்று கிடைக்காது என்று இப்போது தோன்றுகிறது.

2023 ஜூன் 13 அன்று ஓக்லாந்து ரசிகர்கள் 'தலைகீழ்ப் புறக்கணிப்பு' ஒன்றை நடத்தினர். வராமல் இருந்து எதிர்ப்பைக் காட்டுவதற்குப் பதில், திரண்டு வந்து காட்டினர். சில ஆயிரம் பேரே வந்துகொண்டிருந்த அரங்கில் அன்று 27,759 பேர். 'விற்றுவிடு' என்ற ஒற்றைச் சொல் பொறித்த பச்சைச் சட்டைகள். அந்தப் பருவத்தில் 112 ஆட்டங்களில் தோற்ற அந்த அணி, அன்று வலிமைமிக்க டாம்பா பே அணியை 2-1 என்று வென்றது. அது தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி. எந்தக் கதாசிரியரும் எழுதத் தயங்கும் திருப்பம். அதே நாளில் நெவாடா மாநில செனட், லாஸ் வேகஸ் நகரில் அந்த அணிக்கு அரங்கம் கட்ட 38 கோடி டாலர் வரையிலான பொதுப்பணத்தை அளிக்கும் சட்ட முன்வடிவை நிறைவேற்றியது. நவம்பரில் அணியின் இடமாற்றத்துக்கு உரிமையாளர்கள் ஒருமனதாக ஒப்புதல் அளித்தனர்.

குரல் தோற்றது ஏன்? விலகிச் செல்வோம் என்ற மிரட்டலுக்கு வலு இருந்தால்தான் குரலுக்கு மதிப்பு. வருவாயின் பெரும்பகுதி பகிர்விலிருந்தும் சொத்து மதிப்பின் உயர்விலிருந்தும் வரும்போது, நுழைவாயிலில் நிற்கும் ரசிகர் வந்தாலென்ன, போனாலென்ன? அவருடைய விசுவாசம் முதலாளியின் கணக்கில் செலவில்லாத மூலதனம். தோல்விப் பருவத்தின் இடர் முழுவதையும் சுமப்பவர் அவர்தான். அணியின் மதிப்பு உயரும்போது அதில் அவருக்குப் பங்கில்லை.

2022 ஒப்பந்தத்தில் ஒரு நல்ல திருத்தம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி இடம் பெற்ற அணிக்கே அடுத்த ஆண்டின் சிறந்த இளம் வீரரை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை என்ற பழைய முறை, வேண்டுமென்றே தோற்பதற்கு ஊக்கமளித்தது. ஹூஸ்டன் அணி 2011 முதல் மூன்று பருவங்கள் தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட தோல்விகளைத் தாங்கி, அப்படிச் சேர்த்த இளைஞர்களுடன் 2017-இல் கோப்பை வென்றபின் பலரும் அந்த வழியைப் பார்த்தனர். இப்போது குலுக்கல் முறை வந்துள்ளது. தொடர்ந்து குலுக்கலில் இடம்பெறவும் கட்டுப்பாடு உண்டு. அதனால்தான் 121 தோல்விகளுக்குப் பிறகும் ஒயிட் சாக்ஸுக்கு 2025 தேர்வில் பத்தாவது இடமே கிடைத்தது. தோல்விக்குத் தரும் பரிசைக் குறைத்தது சரி. தோல்விக்கான தண்டனை இன்னும் வரவில்லை. குறைந்தபட்ச ஊதியச் செலவைக் கட்டாயமாக்கி, அதை எட்டாத அணிக்குப் பகிர்வுத் தொகையைப் பிடித்தம் செய்வதுதான் உச்சவரம்பைவிட முதலில் செய்ய வேண்டியது என்பது என் கருத்து. உச்சவரம்பினால் மிச்சமாகும் பணம் உரிமையாளரிடம் போகும். அடித்தள வரம்பினால் செலவாகும் பணம் களத்துக்கு வரும்.

ஒயிட் சாக்ஸ் ரசிகர்களுக்கு 2025-இல் எதிர்பாராத ஆறுதல் ஒன்று வாய்த்தது. மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட போப் பதினான்காம் லியோ, சிகாகோவில் பிறந்தவர். ஒயிட் சாக்ஸ் ரசிகர். அந்த அணி கடைசியாகக் கோப்பை வென்ற 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், பார்வையாளர் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்த பழைய தொலைக்காட்சிப் பதிவைத் தேடி எடுத்துக் கொண்டாடினார்கள். அந்தப் பருவத்தில் அணி 102 ஆட்டங்களில் தோற்றது. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் 19 தோல்விகள் குறைவு.

ஓக்லாந்தில் கடைசி ஆட்டம் 2024 செப்டம்பர் 26 அன்று நடந்தது. 46,889 பேர் வந்தனர். அணி 3-2 என்று வென்றது. பலர் அரங்கின் மண்ணை அள்ளிக்கொண்டு வீடு திரும்பினர். லாஸ் வேகஸ் அரங்கம் தயாராகும்வரை அணி சாக்ரமெண்டோவில் சுமார் 14,000 பேர் அமரக்கூடிய சிறிய அரங்கில் ஆடுகிறது. அங்கு இருக்கும் காலத்தில் ஊர்ப் பெயர் எதையும் சூட்டிக்கொள்ளவில்லை. அட்டவணையில் வெறும் 'அத்லெடிக்ஸ்'. ஓக்லாந்தின் மேற்குப் பகுதியில், ஒரு பொதுப்பூங்காவைச் செப்பனிட்டு, 'பாலர்ஸ்' என்ற புதிய சிறு அணி 2024-இல் ஆடத் தொடங்கியது. பயனியர் லீக் என்ற அமைப்பைச் சேர்ந்தது. தன் பங்குகளில் ஒரு பகுதியை ரசிகர்களுக்கே விற்றது. இரண்டாவது பருவமான 2025-இல் அந்த லீக்கின் கோப்பையை வென்றது. 1989-க்குப் பிறகு ஓக்லாந்து நகருக்குக் கிடைத்த முதல் பேஸ்பால் கோப்பை அது.